லினக்ஸ் கேர்னலும் விரைவும்

கணினிக் கல்வியிலே சிறிது தேர்ச்சி பெற்ற மாணவர்களிடையே ஒரு கொள்கை நெடுநாளாக வழங்கி வருகின்றது. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் கேர்னலை மூலநிரலிலிருந்து தாமே கட்டிக்கொள்வோரின் கணினி, பிறர் கட்டித் தந்ததைக் கொண்டு இயங்கும் கணினியினும் பன்மடங்கு விரைந்து தொழிற்படும் என்பதே அக்கொள்கை. இதனை முற்றும் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. முற்றும் மெய்யென்று கொள்ளுவதற்குமில்லை. எவ்வளவு மெய், எவ்விடத்து மெய், அவ்விரைவைப் பெறுதற்கு நாம் கொடுக்கும் விலை யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டும் முறையையும் உடன் கூறிச் செல்வோம். கல்லூரியின் கணினி அறைக்குப் பொறுப்பாயிருப்போரும், பழைய கணினி ஒன்றை வீட்டிலே வைத்துக்கொண்டு அதற்குப் புத்துயிர் அளிக்க விரும்பும் மாணவரும் இதனைச் சிறிது பொறுமையோடு வாசிப்பாராக.

கேர்னல் என்பது ஆங்கிலத்திலே வித்தின் உள்ளிருக்கும் பருப்பிற்கு வழங்கும் பெயர். நம் பத்திரிகைகளிலே வரும் இராணுவக் கேணலுக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. நாம் கணினியிலே எழுதும்போதும், படம் பார்க்கும்போதும், இசை கேட்கும்போதும் நம் கண்முன் நிற்கும் நிரல்கள் பொதுவாக வன்பொருளை நேரே தீண்டுவதில்லை. வன்தட்டிலிருந்து ஒரு கோப்பை எடுக்க வேண்டுமாயின் கேர்னலைக் கேட்க வேண்டும். நினைவகத்திலே இடம் வேண்டுமாயினும் கேர்னலைக் கேட்க வேண்டும். பல நிரல்கள் ஒரே வேளையில் செயலியை நாடி நிற்கும்போது எதற்கு முதலிடம், எதற்கு எவ்வளவு நேரம் என்று தீர்ப்பதும் கேர்னலே. நல்ல வீட்டிலே அடுக்களை எவ்வாறு கண்ணுக்குப் புலப்படாது எல்லாவற்றையும் நடத்துகின்றதோ அவ்வாறே இது நடத்துகின்றது.

லினக்ஸ் கேர்னலை முதலில் எழுதியவர் பின்லாந்திலே ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ். 1991 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அவர் வெளியிட்ட முதற் பதிப்பு ஏறத்தாழ 10,000 வரிகளையே உடையது. இன்று அது 3 கோடி வரிகளையும் கடந்துவிட்டது. 1992 ஆம் ஆண்டு தொட்டு அது ஜி.பி.எல். என்னும் உரிமத்தின் கீழ் வழங்கப்படுதலின், எவரும் மூலநிரலைப் பெறலாம், வாசிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைக் கட்டி இயக்கலாம். நாம் ஈண்டுப் பேசும் செயல் முழுவதும் இவ்வுரிமையின் மேல் நிற்பதேயாகும்.

3 கோடி வரி என்றவுடன் மாணவர் மனத்திலே எழும் எண்ணம் ஒன்றுண்டு. இத்துணைப் பெருஞ்சுமையைக் கணினி சுமந்து திரிவதாலன்றோ மெதுவாகின்றது, வேண்டாதவற்றை வெட்டி எறிந்தால் விரையாதோ என்பர். பொருத்தமாகத் தோன்றினும் இவ்வெண்ணம் பெரிதும் பிழையானது. அந்த வரிகளுள் மிகப் பெரும் பங்கு வன்பொருள்களை இயக்கும் நிரல்களாகும். உலகத்திலுள்ள வலைப்பின்னல் அட்டைகள், ஒலி அட்டைகள், படக்காட்டிகள் எல்லாவற்றிற்கும் இடந்தர வேண்டியிருத்தலின் இவை பெருகின. டெபியன், உபுந்து, பெடோரா முதலிய விநியோகங்களை நடத்துவோர் எவருடைய கணினியிலும் இயங்கும் வண்ணம் கேர்னலைக் கட்ட வேண்டியவராதலின், இவற்றுட் பெரும்பாலானவற்றை மொடியூல் எனப்படும் தனித்தனிக் கோப்புகளாக ஆக்கி வன்தட்டிலே வைக்கின்றனர். உரிய வன்பொருள் காணப்பட்டாலன்றி அம்மொடியூல் நினைவகத்துக்கு வருவதேயில்லை. ஊர் மடத்து அன்னதானச் சாலையிலே ஐந்நூறு பேருக்குரிய பாத்திரங்கள் அடுக்கியிருப்பினும், பத்துப் பேருக்குச் சமைக்கும் நாளிலே சிறிய பானையொன்றுதான் அடுப்பிலேறுகின்றது. அலுமாரியிலிருக்கும் அண்டாவை விற்றுவிடுவதனால் சோறு விரைந்து வேகுமோ?

ஆகவே, வேண்டாத மொடியூல்களை நீக்குவதனாற் கிடைக்கும் பயன் இயங்கும் விரைவன்று. கட்டும் நேரம் குறையும். வன்தட்டிலே இடம் மிஞ்சும். பகைவர் நுழைதற்குரிய வாயில்கள் சில அடைபடும். இவையும் நற்பயன்களே. ஆனால், நாம் தேடி வந்த பொருள் இவையல்ல.

அப்படியாயின் விரைவு எங்கேயுள்ளது? இவ்வினாவுக்கு விடையிறுக்குமுன் விரைவு என்னும் சொல்லையே பிரித்தல் வேண்டும். கேர்னலிலே விரைவு என்பது ஒன்றன்று, இரண்டு. அவை ஒன்றோடொன்று பெரும்பாலும் பகைத்து நிற்பவை. பேருந்து நிலையத்திலே ஆசனம் யாவும் நிரம்பிய பின்னரே புறப்படும் வண்டியையும், ஏறியவர் இருவரேயாயினும் குறித்த நேரத்திற் புறப்படும் வண்டியையும் எண்ணிப் பாருங்கள். மாலைக்குள் எத்தனை பேர் ஊர் சேர்ந்தனர் என்று கணக்கெடுப்பின் முதலாவது வண்டியே சிறந்தது. ஓடும் ஒவ்வொரு முறையும் அது நிறைந்து ஓடுகின்றது. ஆயினும், நிலையத்திலே காத்து நிற்கும் ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று கேட்பின் இரண்டாவதே சிறந்தது. முன்னையது மொத்த வேலையளவு, பின்னையது தாமதம். பெருங் கணக்குகளை இரவு முழுதும் போடும் கணினிக்கு மொத்த வேலையளவே பெரிது. இசை பதிவு செய்யும் கணினிக்கோ, விசையை அழுத்தியவுடன் எழுத்துத் தோன்ற வேண்டுமென விரும்பும் மாணவனின் கணினிக்கோ தாமதமே பெரிது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று சிறிதேனும் குறையும். எனவே, என் கேர்னலை விரைவாக்க வேண்டும் என்று கூறுபவரை நோக்கி, எவ்வேலைக்கு என்று கேட்டல் முதற் கடமையாகும்.

இவ்விரண்டுக்குமிடையே நிகழ்ந்த போராட்டத்தைக் கேர்னல் வரலாற்றிலே தெளிவாகக் காட்டுபவர் கொன் கொலிவாஸ் என்பவர். இவர் தொழிலாற் கணினி வல்லுநரல்லர். அவுஸ்திரேலியாவிலே மெல்பேண் நகரத்து மயக்க மருந்து வைத்தியர். வீட்டுக் கணினியிலே பின்னால் ஒரு பெருவேலை நடக்கும்போது இசை விட்டு விட்டு ஒலிப்பதும், சுட்டியின் அம்பு திணறுவதும் அவருக்குப் பொறுக்கவில்லை. பெரிய கொம்பனிகளின் பெருங் கணினிகளுக்காகவே கேர்னல் வளர்க்கப்படுகின்றது, வீட்டிலே ஒருவர் முன்னமர்ந்து பயிலும் கணினியை எவரும் எண்ணுவதில்லை என்பது அவருடைய குறை. நிரலெழுதத் தாமே கற்றுக்கொண்டு, கேர்னலுக்குரிய ஒட்டுகள் பலவற்றை ஆண்டுதோறும் வெளியிட்டார். தாமதத்தை அளக்கும் கருவிகளையும் எழுதினார். ஒட்டை எழுதியவர் பலருண்டு. அளவுகோலையும் உடன் எழுதியவர் சிலரே என்பதனாற்றான் இவரை ஈண்டு விதந்து கூறுகின்றோம்.

2007 ஆம் ஆண்டு அவர் ஸ்கெடியூலர், அதாவது வேலைகளுக்கு முறை வகுக்கும் பகுதி, ஒன்றைப் புதிதாக எழுதி வெளியிட்டார். காத்திருக்கும் வேலைகள் யாவற்றிற்கும் செயலியின் நேரத்தை நேர்மையாகப் பங்கிட்டால் தாமதம் தானே குறையும் என்பது அதன் அடிப்படை. சில கிழமைகளிலே இங்கோ மொல்னார் என்னும் கேர்னல் வல்லுநர் அதே அடிப்படையில் வேறொன்றை எழுதினார். அதுவே சி.எவ்.எஸ். என்ற பெயரோடு அவ்வாண்டு ஒக்ரோபரில் வெளிவந்த 2.6.23 ஆம் பதிப்பிலே சேர்க்கப்பட்டது. நேர்மைப் பங்கீடு இயலுமென்று காட்டியவர் கொலிவாஸ் என்பதை மொல்னார் மறைக்கவில்லை. ஆயினும் வைத்தியர் மனம் நொந்து விலகினார். 2009 இலே பி.எவ்.எஸ். என்னும் இன்னொரு ஸ்கெடியூலரோடு மீண்டு வந்தார். செயலிகள் சிலவேயுள்ள வீட்டுக் கணினிக்கே இது, ஆயிரக்கணக்கான செயலியுள்ள பெரும் பொறிக்கன்று என்று வெளிப்படையாகவே கூறினார். பொதுக் கேர்னலிற் சேர்க்கும்படி அதனை அவர் விண்ணப்பிக்கவுமில்லை. 2016 இலே அதன் வழித்தோன்றலை வெளியிட்டு, 2021 ஆம் ஆண்டோடு இப்பணியை நிறுத்திக்கொண்டார். எந்த வேலைக்கு, எந்தப் பொறிக்கு என்று முன்னரே வரையறுத்துக்கொண்டு கட்டியமையே அவருடைய கேர்னலைப் பலர் விரும்பியதற்குக் காரணம் என்பது எமது துணிபு. பொதுக் கேர்னலோ எல்லார்க்கும் பொதுவாயிருத்தல் வேண்டும். அதன் சி.எவ்.எஸ். பங்கீட்டு முறையும் 2023 ஒக்ரோபரில் வந்த 6.6 ஆம் பதிப்பிலே, தாமதத்தை மேலும் கருத்திற் கொள்ளும் ஈ.ஈ.வி.டி.எவ். என்னும் முறைக்கு இடங்கொடுத்தது.

இனிக் கட்டும் முறைக்கு வருவோம். டெபியன் விநியோகம் இயங்கும் சாதாரண மேசைக் கணினியொன்றை எடுத்துக்கொள்வோம். கட்டளைகளின் ஒலியை மட்டும் தமிழெழுத்திலே தருகின்றோம். அவற்றின் ஆங்கில வடிவத்தை மாணவர் அறிவர்.

மூலநிரலைக் கேர்னலின் உரிய தலத்திலிருந்தே பெறுதல் வேண்டும். சுருக்கிய கட்டு ஏறத்தாழ 150 மெகாபைற். விரித்தால் ஒரு கிகாபைற்றைக் கடக்கும். கட்டோடு ஒப்பக் கோப்பு ஒன்றும் வழங்கப்படுகின்றது. பெற்ற கட்டு இடையிலே எவராலும் மாற்றப்படாதது என்பதை அதனாற் சோதித்தறியலாம். ஒப்பம் இடப்பட்டது சுருக்கிய கட்டுக்கன்று, சுருக்கம் நீக்கிய கட்டுக்கே என்பதை நினைவிற் கொள்க. இதனை அறியாத மாணவர், ஒப்பம் பொருந்தவில்லையென்று திகைத்து, ஈற்றிலே சோதிப்பதையே விட்டுவிடுகின்றனர். கணினியின் உயிர்நாடியை மாற்றுமுன் செய்யும் சோதனையை விடுதல் தகாது. இதனோடு சீ மொழித் தொகுப்பி, மேக், பைசன், பிளெக்ஸ் முதலிய கருவிகளும், சில நூலகங்களும் வேண்டும். அவற்றை டெபியனின் களஞ்சியத்திலிருந்தே பெறலாம்.

அடுத்தது உருவமைப்பு. கேர்னல் கட்டுதலின் சாரம் இப்படியிலேயே உள்ளது. எஞ்சியவை பொறியின் வேலை. கேர்னல் நம்மை நோக்கிப் பல்லாயிரம் வினாக்களைத் தொடுக்கின்றது. பெரும்பாலான வினாவுக்கு விடை மூன்று: கேர்னலின் உடலோடு சேர்த்துக் கட்டுக, மொடியூலாகத் தனித்துக் கட்டுக, வேண்டாம். பல்லாயிரம் வினாவுக்கும் தாமே விடை எழுத முயல்வோர் முதல் நாளிலேயே களைத்துப் போவர். ஆதலின், இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் விநியோகக் கேர்னலின் உருவமைப்புக் கோப்பை, பூட் என்னும் கோப்புறையிலிருந்து பிரதி செய்து அதனையே தொடக்கமாகக் கொள்ளுதல் அறிவுடைமை. ஓல்ட்டெப்கொன்பிக் என்ற ஏவலால், புதிய பதிப்பிலே புதிதாகத் தோன்றிய வினாக்களுக்கெல்லாம் இயல்பான விடைகள் இடப்பட்டுவிடும்.

லோக்கல்மொட்கொன்பிக் என்னும் ஏவலொன்றும் உண்டு. இது 2009 இல் வந்த 2.6.32 ஆம் பதிப்பிலே சேர்க்கப்பட்டது. இவ்வேளையில் நினைவகத்திலே ஏறியிருக்கும் மொடியூல்கள் எவையெனப் பார்த்து, அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கிவிடுகின்றது. கட்டும் நேரம் வியக்கத்தக்க அளவு குறையும். ஆனால் இதில் ஒரு பொறியுண்டு. ஏவலிடும் வேளையிலே செருகப்படாதிருந்த கருவி யாதும் அதன் கண்ணுக்குத் தெரியாது. யூ.எஸ்.பி. நினைவுக்கோல், அச்சுப் பொறி, கமரா, அயலவர் தரும் வன்தட்டு என்பவற்றை முன்னரே ஒருமுறை செருகி, அவற்றின் மொடியூல்கள் ஏறிய பின்னரே ஏவுதல் வேண்டும். இன்றேல் பரீட்சைக்கு முதல்நாள் இரவு நினைவுக்கோலைச் செருகும் மாணவன் அது வேலைசெய்யாமை கண்டு கலங்குவான்.

அதன்பின் மெனுகொன்பிக் என்ற ஏவலால் வினாப் பட்டியலைத் திறந்து, விரைவோடு தொடர்புடைய சிலவற்றை மட்டும் நாடுவோம்.

முதலாவது, செயலிக்கேற்பத் தொகுத்தல். விநியோகக் கேர்னல் 64 பிற்றுச் செயலிகளுள் மிகப் பழையதும் விளங்கிக்கொள்ளும் கட்டளைகளாலேயே தொகுக்கப்படுவது வழக்கம். நமது செயலி புதியதாயின் அதன் புதுக் கட்டளைகளையும் பயன்படுத்தும்படி தொகுப்பிக்குக் கூறலாம். 2025 யூலையில் வெளிவந்த 6.16 ஆம் பதிப்பு தொட்டு இதற்கென ஒரு வினாவே பட்டியலில் உள்ளது. மாணவர் இதனிடத்து வைக்கும் நம்பிக்கை மிகப் பெரிது. கிடைப்பதோ மிகச் சிறிது. காரணம் நுட்பமானது. புதிய செயலிகளின் பேராற்றலுட் பெரும்பகுதி, ஒரே கட்டளையால் பல எண்களைக் கூட்டிப் பெருக்கும் அகன்ற பதிவேடுகளிலே உள்ளது. கேர்னல் தன் பொதுவான வேலைகளிலே அப்பதிவேடுகளைத் தொடுவதில்லை. தொட்டால், பயனாளரின் நிரல் அவற்றிலே வைத்திருந்த எண்களை ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்து மீளவும் இடவேண்டும். அச்செலவு வரவினும் பெரிதாகிவிடும். மறையீட்டுக் கணக்குப் போன்ற சிலவிடங்களிலே மட்டும் அவை பயன்படுகின்றன. அவ்விடங்களிலே செயலியின் ஆற்றலைக் கேர்னல் இயங்கும்போதே கண்டறிந்து, ஏற்ற நிரலைத் தானே தெரிந்துகொள்கின்றது. எனவே இவ்விடையால் மிஞ்சுவது அற்பம். இவ்வாறு கட்டிய கேர்னல் பழைய செயலியுள்ள கணினியில் இயங்காது போகலாமாதலின், ஓரிடத்திற் கட்டிப் பலவகைக் கணினிகளுக்குப் பகிர எண்ணும் கணினி அறைப் பொறுப்பாளர் இதனைத் தவிர்ப்பதே நன்று.

இரண்டாவது, கடிகாரத் துடிப்பு. செக்கனுக்கு எத்தனை முறை கேர்னல் விழித்துப் பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தி வேறொன்றை ஓட்டலாமோ என்று ஆராய வேண்டுமென்பது இவ்வினா. 100, 250, 300, 1000 என்பன விடைகள். 100 எனின் 10 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை. 1000 எனின் ஒரு மில்லிசெக்கனுக்கு ஒருமுறை. துடிப்புக் கூடினால் தாமதம் குறையலாம். அடிக்கடி விழித்துப் பார்ப்பதிலே சிறிது நேரம் வீணாகும். நாம் முன்னர்க் கூறிய இரு பேருந்துகளும் இவ்வினாவிலே எண்வடிவு பெற்று நிற்கின்றன.

மூன்றாவது, இடைநிறுத்தம். கேர்னல் தன் சொந்த வேலையொன்றைச் செய்துகொண்டிருக்கும்போதே, அவசரமான வேறொன்று வந்தால் அதனை இடையில் நிறுத்தலாமோ? நிறுத்தவே கூடாது, குறித்த இடங்களில் மட்டும் நிறுத்தலாம், ஏறத்தாழ எங்கும் நிறுத்தலாம் என மூன்று விடைகள் நெடுங்காலம் இருந்தன. 2025 ஜனவரியில் வந்த 6.13 ஆம் பதிப்பிலே, முதலிரண்டையும் நாளடைவில் ஓய்வுபெறச் செய்யும் கருத்தோடு, சோம்பல் இடைநிறுத்தம் என்னும் புதியதொன்று சேர்ந்தது. மேசைக் கணினிக்கு முழு இடைநிறுத்தமே பொருத்தம். இதற்கும் அப்பாற்பட்டது நிகழ்நேரக் கேர்னல். 20 ஆண்டளவு தனி ஒட்டாக வளர்ந்து, 2024 நவம்பரில் வந்த 6.12 ஆம் பதிப்பிலே பொதுக் கேர்னலோடு இணைந்த இது, தொழிற்சாலைப் பொறிகளைக் கட்டுப்படுத்துவோர்க்கும் ஒலிப்பதிவாளர்க்கும் உரியது. நிகழ்நேரம் என்ற பெயரைக் கண்டு மிக விரைவானது என்று மயங்குதல் கூடாது. தாமதம் ஓர் எல்லையைக் கடவாது என்பதே அது தரும் உறுதி. அவ்வுறுதிக்காக மொத்த வேலையளவிற் சிறிது விட்டுக்கொடுக்கின்றது.

தொகுப்பியைப் பற்றியும் ஒரு சொல். 2021 இல் வந்த 5.12 ஆம் பதிப்பு தொட்டு, கிளாங் என்னும் தொகுப்பியைக் கொண்டு கட்டினால் கேர்னல் முழுவதையும் ஒன்றாக நோக்கிச் செப்பனிட இயலும். 6.13 ஆம் பதிப்பு தொட்டு இன்னொரு வழியும் திறந்தது. கேர்னலை நமது மெய்யான வேலையோடு சிலகாலம் ஓடவிட்டு, எவ்வெப் பாதைகள் மிகுதியாக மிதிபடுகின்றன என்று குறித்துக்கொண்டு, அக்குறிப்பைத் தொகுப்பிக்குக் கொடுத்து மீளவும் கட்டுவதே அது. இன்ன வேலைக்கு என்று சொல்லிக் கட்டும் முறை என்பதனால் யாம் இதனைப் பெரிதும் மதிக்கின்றோம். ஆயினும் இது முதன்முறை கட்டுவோர்க்குரியதன்று.

பிழைகாண் விபரங்களைச் சேர்க்கவோ என்னும் வினாவுக்கு வேண்டாம் என்று விடையளித்தால், கட்டும் கோப்புறையின் பருமன் பல மடங்கு குறையும். கேர்னலின் பெயரோடு நமக்குரிய பின்னொட்டு ஒன்றையும் சேர்த்தல் வேண்டும். அதனால் விநியோகக் கேர்னலின் மொடியூல்களும் நம்முடையனவும் ஒன்றையொன்று அழிக்காது தனித்தனி நிற்கும். செயலியின் கருக்கள் எத்தனையோ அத்தனை வேலைகளை ஒருங்கே நடத்தும்படி கூறி, மேக் பைண்டெப்-பிகேஜி என ஏவினால் டெபியன் பொதியாகவே கேர்னல் வெளிவரும். புதிய கணினியிலே சில நிமிடம். இரண்டு கருவுள்ள பழைய கணினியிலே மணிக்கணக்கு. பொதியாகக் கட்டுவதன் நன்மை, வேண்டாதபோது எச்சமின்றி நீக்கலாம் என்பது.

நிறுவியபின் கணினி எழாது போவதுமுண்டு. வேர்க் கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை என்னும் செய்தியோடு அது நின்றால், பெரும்பாலும் வன்தட்டையோ அதன் கோப்பு முறைமையையோ விளங்கிக்கொள்ளும் நிரல் விடுபட்டிருக்கும். அன்றேல் தொடக்கத்திலே துணைசெய்யும் சிறு கோப்பு முறைமை உருவாகாதிருக்கும். பாதுகாப்புத் தொடக்கம் பூட்டியுள்ள கணினியாயின், நம் கையால் ஒப்பமிடாத கேர்னலை அது ஏற்காது. சாவியொன்றை ஆக்கிக் கணினியிற் பதிந்து ஒப்பமிடுதல் வேண்டும். இவற்றையெல்லாம் அஞ்ச வேண்டுவதில்லை, பழைய கேர்னல் அருகே இருக்கும்வரை. தொடக்கப் பட்டியலிலே அதனைத் தெரிந்தெடுத்து எழுந்து வந்து குறையைத் திருத்தலாம். புதியது ஒருமுறை ஓடிவிட்டதென்று மகிழ்ந்து பழையதை அன்றே நீக்குவோரை யாம் வன்மையாகத் தடுப்போம்.

இனி அளத்தல். கட்டுமுன் அளவாதவன் கட்டியபின் பெற்றது யாதெனக் கூற வல்லனல்லன். நாம் மெய்யாகச் செய்யும் வேலையொன்றைத் தெரிந்து, பழைய கேர்னலில் ஐந்து முறையும் புதியதில் ஐந்து முறையும் ஓட்டி நேரத்தைக் குறித்தல் வேண்டும். முதல் ஓட்டத்தைக் கணக்கிற் சேர்க்கலாகாது. அப்போது கோப்புகள் வன்தட்டிலிருந்து வருகின்றன, பின்னர் நினைவகத்திலிருந்தே வருகின்றன. செயலி சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாதலின், ஓட்டங்களிடையே ஆறவிடுதல் வேண்டும். தாமதத்தை அளக்க சைக்ளிக்டெஸ்ட் என்னும் கருவி உண்டு. அதிலே சராசரியைப் பார்ப்பதிலும் மிகக் கூடிய தாமதத்தைப் பார்ப்பதே பயன் தரும். காத்திருந்தவனுக்கு வலித்தது அந்த ஒரு முறைதானே.

அளந்து பார்ப்போர் பலர் ஓர் உண்மையைக் காண்பர். பழைய கணினி மெதுவாயிருப்பதற்குக் காரணம் கேர்னலன்று. நினைவகத்தின் குறுக்கமும், சுழலும் வன்தட்டும். 4 கிகாபைற்றை 8 ஆக்கினால், அல்லது சுழலும் தட்டை நீக்கித் திண்மநிலைத் தட்டொன்றை இட்டால், உலகத்துக் கேர்னல் ஒட்டுகள் யாவும் சேர்ந்து தராத விரைவு ஒரு மாலையிற் கிடைக்கும். செயலியின் வேகக் கொள்கையை மாற்றவோ, நினைவகத்திலேயே சுருக்கி வைக்கும் பரிமாற்று இடத்தை அமைக்கவோ கேர்னலைக் கட்ட வேண்டியதேயில்லை. பல விநியோகக் கேர்னல்களிலே இடைநிறுத்த வகையையும் தொடக்க வரியிலே ஒரு சொல்லால் மாற்றலாம். பழைய மாணவர் சங்கத்தார் கணினி அறைக்கு உதவ முன்வரும்போது இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

விரைவு வேண்டிச் செய்யப்படும் செயல்களுள் யாம் அஞ்சுவது ஒன்றுண்டு. 2018 ஜனவரியிலே மெல்ட்டவுண், ஸ்பெக்டர் என்னும் குறைகள் உலகிற்கு வெளிப்பட்டன. விரைவு கருதி முன்கூட்டியே ஊகித்து வேலைசெய்யும் செயலிகளின் இயல்பைப் பயன்படுத்தி, ஒரு நிரல் தனக்குரியதல்லாத இரகசியங்களை அறிந்துகொள்ள இயலும் என்பது அவற்றின் சாரம். கேர்னல் எழுதுவோர் அதற்குக் காப்புகள் அமைத்தனர். அக்காப்புகள் சில வேலைகளை மெதுவாக்கின. அவற்றையெல்லாம் அணைத்துவிடும் வழியும் கேர்னலிலேயே உண்டு. விரைவு நாடுவோர் முதலில் கைவைப்பது அதிலேதான். வலையோடு தொடர்பின்றித் தனித்து ஒரே கணக்கைப் போடும் பொறியாயின் அதனை அணைப்பதற்கு நியாயம் கூறலாம். ஆனால் பலர் மாறி மாறி அமரும் கல்லூரிக் கணினியிலே, ஒவ்வொருவரும் தம் கடவுச்சொல்லைத் தட்டும் பொறியிலே, அதனை அணைப்பவர் தம்முடையதல்லாத பொருளைச் செலவிடுகின்றார். புதிய செயலிகள் பலவற்றிலே காப்புகளுட் சில வன்பொருளிலேயே அமைந்துவிட்டமையால், அணைப்பதால் வரும் விரைவும் குறைந்துவிட்டது.

இன்னுமொரு விலை, இதனினும் மெல்ல ஏறுவது. விநியோகக் கேர்னலைக் கொண்டிருப்பவருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமே வந்து சேர்கின்றன. தாமே கட்டியவருக்கு எவரும் கொண்டுவந்து கொடுப்பதில்லை. நிலைபெற்ற பதிப்புகளுக்குத் திருத்தங்கள் ஏறத்தாழக் கிழமைதோறும் வெளிவருகின்றன. அவற்றைப் பெற்று, மீளக் கட்டி, நிறுவி, சோதித்தல் கட்டியவரின் கடமையாகின்றது. உற்சாகத்தோடு கட்டிய மாணவன் பல்கலைக்கழகம் புகுந்து ஊரைவிட்டு நீங்கியபின், அவன் கட்டிய கேர்னல் கணினி அறையிலே திருத்தமின்றி ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருத்தல் கூடும். அறையின் பொறுப்பாளருக்கு அது தெரியவும் மாட்டாது. ஆகவே பொதுக் கணினிகளுக்கு விநியோகக் கேர்னலே தக்கது என்பதில் எமக்கு ஐயமில்லை. அவ்வறையிலே ஒரேயொரு கணினியை இப்பயிற்சிக்கென்று ஒதுக்கி, அதன்மேற் பெயரெழுதி வைத்து, கட்டுதல், உடைத்தல், திருத்துதல் எல்லாவற்றையும் அதிலே மாணவர் செய்யட்டும். பல்லாயிரம் வினாக்களுட் பத்தினையேனும் பொருளுணர்ந்து விடையிறுத்த மாணவன், பணிசெயல் முறைமை பற்றிய பாடப் புத்தகத்தைப் பின்னர் வேறு கண்ணோடு படிப்பான்.

அக்கணினிக்கு எப்பதிப்பைத் தெரிவதென்னும் ஐயம் எழின், நெடுங்காலத் திருத்தம் உறுதிசெய்யப்பட்ட பதிப்புகளுள் ஒன்றைத் தெரிக. உருவமைப்புக் கோப்பைத் திகதியிட்டு வேறிடத்திற் சேமித்து, எவ்விடையை ஏன் மாற்றினோம் என்று ஒரு கொப்பியிலே எழுதி அருகில் வைக்க வேண்டும். திருத்தப் பதிப்பு வரும்போது அக்கோப்பை இட்டு ஓல்ட்டெப்கொன்பிக் ஏவிக் கட்டினால், முதன்முறை ஒரு நாள் கொண்ட வேலை அடுத்த முறை பொறியின் நேரம் மட்டுமே கொள்ளும். அடுத்த வகுப்பு மாணவரும் அந்தக் கொப்பியிலிருந்தே தொடங்கலாம்.